சாலையில் திரியும் மாடு, நாயால் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ப்பு விலங்கு சாலைக்கு வந்து, அதனால் ஒருவர் விழுந்து அடிபட்டாலோ இறந்தாலோ, விலங்கை வளர்ப்பவரிடம் சட்டம் என்ன கேட்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டுக்கானவை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் அதன் பிரிவு எண்களையே தந்திருக்கிறோம். இந்த வழக்குகள் பெரும்பாலும் சட்டம் போதாமல் தோற்பதில்லை. மாடு யாருடையது என்பதை முதல் நாளிலேயே பதிவு செய்யாமல் விட்டதால்தான் தோற்கின்றன. கீழுள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வருவதற்குக் காரணம் அதுதான்.

மாட்டை அவிழ்த்துவிட்டதற்காக ஒருவர் மீது கிரிமினல் வழக்குப் போட முடியுமா?

முடியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 291 இதற்கென்றே இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாமல் விட்டாலும், கவனக்குறைவால் விட்டாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் இது பிரிவு 289. அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இது. ஜாமீன் உண்டு.

இந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இதில் இல்லை. ஆபத்து நேர வாய்ப்பு இருந்தாலே போதும். தினமும் மாலையில் புறவழிச்சாலை நடுவே படுத்துக் கிடக்கும் மாடுகளைப் பற்றி, யாரும் விழுவதற்கு முன்பே புகார் கொடுக்கலாம்.

வேறு எந்தப் பிரிவுகளைச் சேர்ப்பார்கள்?

பொதுவழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் பிரிவு 285. இதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. அலட்சியத்தால் காயம் நேர்ந்தால் 125(a), கொடுங்காயமானால் 125(b). பின்னதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். மரணம் நேர்ந்தால் 106(1), ஐந்து ஆண்டு வரை சிறை.

106-ஐப் போட்டுவிடுவது எளிது, நிரூபிப்பதுதான் கடினம். உரிமையாளரின் அலட்சியத்துக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியாக வேண்டும். கட்டியிருந்த மாடு மிரண்டு, கயிறறுத்துக்கொண்டு ஓடி அன்று ஒருநாள் சாலைக்கு வந்தது என்றால் அந்தக் குற்றச்சாட்டு நிற்பது அரிது. பால் கறந்ததும் காலையில் அவிழ்த்துவிட்டு, மாலையில் தானாக வீடு வரட்டும் என்று விடுவது வழக்கமாக இருந்தால் கதை வேறு. அந்த வழக்கமே அலட்சியத்துக்குச் சான்று.

"என் மாடே இல்லை" என்று சொல்லிவிட்டால்?

பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான். விபத்து நடந்த அரைமணி நேரத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; காதில் இருக்கும் வில்லையைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

முதலில் காது வில்லை. கால்நடைத் துறை மாட்டுக்குப் போடும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணின்கீழ் வளர்ப்பவரின் விவரம் அரசின் கணினிப் பதிவில் இருக்கிறது. எண் படிக்கத் தெரியும்படி நெருக்கத்தில் ஒரு படம் எடுங்கள். அதை வைத்துப் போலீஸ் உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியும். மாடு கைமாறியிருந்தால் பதிவு பழையவர் பெயரில் இருக்கலாம். அப்போதும் அவரே யாரிடம் விற்றார் என்று சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

வில்லை இல்லையென்றால் அடையாளங்கள்: கொம்பில் பூசிய நிறம், சூடு போட்ட குறி, கழுத்து மணி, மூக்கணாங்கயிறு, அறுந்த கயிற்றின் முனை. இவை எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். அறுந்த கயிறும் அவிழ்த்துவிட்ட கழுத்தும் நீதிமன்றத்தில் ஒரே பொருள் தராது என்பதால் கழுத்துப் பகுதியைத் தனியாக எடுங்கள்.

மூன்றாவது வழிதான் மிகவும் உறுதியானது. ஆனால் குறைவாகவே பயன்படுகிறது. மாட்டைப் பிடித்து அடைக்கும்படி உள்ளாட்சி அமைப்பிடம் உடனே சொல்லுங்கள். சென்னையில் 1913-க்கு அழைக்கலாம். மற்ற ஊர்களில் நகராட்சி சுகாதார அலுவலர், ஊராட்சிச் செயலர். தொழுவத்தில் அடைத்துவிட்டால், கறவை மாட்டை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அபராதம் கட்டி மீட்க வருபவர் "இது என் மாடு, இனி திரிய விடமாட்டேன்" என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு மேல் சாட்சி தேவையில்லை.

அந்தப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. கேட்கும்போது அந்த ஒரு நாளை மட்டும் கேட்காதீர்கள். "கடந்த மூன்று ஆண்டுகளில் இன்ன தெருவில் பிடிபட்ட மாடுகள், அபராதம் கட்டியவர் பெயர், தேதி" என்று கேளுங்கள். இதே ஆள் முன்பு இரண்டு முறை அபராதம் கட்டியிருந்தால், ஆபத்து தெரிந்தும் விட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விபத்து நடந்த இடத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

108-ஐ அழைத்து அடிபட்டவரை அனுப்புவதுதான் முதல் வேலை. மற்றவற்றை உடன் வந்தவரோ நண்பரோ செய்யலாம்: 112 அல்லது 100-க்குத் தகவல், தேசிய நெடுஞ்சாலையானால் கூடுதலாக 1033. இந்த அழைப்புகளின் நேரம் பதிவாகும்; பின்னால் "அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை" என்ற வாதத்தை அது அடைத்துவிடும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமிருந்தும் படம், தார் மீது உராய்ந்த தடம், தெருவிளக்கு எரிந்ததா இல்லையா, வண்டியில் ஒட்டிய மாட்டு முடியும் சாணமும். கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். விலங்கு மோதியதற்கு அதைவிட நேரடியான தடயம் கிடைக்காது.

அக்கம்பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களிலேயே பழையதன் மேல் புதியது பதிந்து அழிந்துவிடும். மறுநாளே கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அதைக் கைப்பற்றும்படி காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் இருந்தால் வழக்கு பாதி போய்விடும். "சாலையில் குறுக்கே வந்த மாடு மோதி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதச் சொல்லுங்கள். சம்பவம் நடந்த சூட்டில் சொன்ன அந்த ஒரு வரிக்கு, மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் வாக்குமூலத்தைவிட மதிப்பு அதிகம்.

போலீஸ் "தானாக விழுந்த விபத்து" என்று என் மீதே எஃப்.ஐ.ஆர். போடுகிறார்களே?

இது அடிக்கடி நடக்கிறது. அதிலும் ஓட்டியவர் இறந்துவிட்ட வழக்குகளில், அவரே வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாகப் பிரிவு 281-இல் பதிந்து, குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். குடும்பத்தினர் துக்கத்தில் இருக்கும்போது கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் அதை மாற்ற உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், இடம், ஓட்டிய வேகம், விலங்கு எந்தப் பக்கமிருந்து வந்தது, அதை யார் வளர்க்கிறார் அல்லது "பெயர் தெரியாத உரிமையாளர்", பிரிவு 291-இன்கீழ் நடவடிக்கை வேண்டும் என்ற கோரிக்கை. உரிமையாளர் பெயர் தெரியாது என்பது எஃப்.ஐ.ஆர். போட மறுக்கக் காரணமாகாது. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து அனுப்பினால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், சென்னை போன்ற மாநகரங்களில் துணை ஆணையருக்கும் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் பிரிவு 175(3)-இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

சிகிச்சைச் செலவுக்கு உடனடி வழி உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் நேரும் சாலை விபத்துகளுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். மத்திய அரசின் ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது. மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. தவறு யார் மீது என்ற கேள்வி இரண்டிலும் எழாது. அனுமதிக்கும்போதே விபத்து என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

என் வண்டிக் காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும்?

எந்த பாலிசி என்பதைப் பொறுத்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் விலங்கு மோதிய சேதமும் விபத்துச் சேதம்தான். கட்டாயக் கழிவாக இருசக்கர வாகனத்துக்கு 100 ரூபாயும், 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் போக மீதி வரும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் சேதத்தைப் பார்ப்பதற்கு முன் பழுது பார்த்துவிடாதீர்கள். காப்பீட்டுப் பணம் கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் சலுகை போய்விடும் என்பதால், சிறிய சேதமானால் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த பணத்தை மாட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு. அதனால் "இன்ஷூரன்ஸில்தான் வாங்கிவிட்டீர்களே" என்ற பேச்சு உரிமையாளரைக் காப்பாற்றாது.

உடல் காயத்துக்கு வருவோம். வண்டியின் உரிமையாளரே ஓட்டி விழுந்தால், அவர் தன் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது. அவர் மூன்றாம் நபர் அல்ல. கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு இருக்கும். மரணம், இரு கை கால் அல்லது இரு கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு முழுத்தொகை. ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. காலில் கம்பி வைத்து ஆறு மாதம் படுத்துக் கிடந்ததற்கு அதில் பணம் இல்லை. ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இல்லாவிட்டால் அதுவும் போகும்.

பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முழுக் காப்பீட்டு பாலிசியில் இழப்பீடு உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கும் இருசக்கர வாகனத்தில் பின்னிருக்கைக்காரருக்குக் காப்பு இல்லை.

இழப்பீட்டுக்கு விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவதா, உரிமையியல் நீதிமன்றத்துக்கா?

இங்கே குழப்பிக்கொண்டு ஆண்டுகளை இழந்தவர்கள் பலர். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மோட்டார் வாகனத்தின் உரிமையாளர், ஓட்டுநர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோரிடம் கேட்பதற்கான இடம். மாட்டைத் தவிர்க்க ஒதுங்கிய கார் உங்கள் மீது மோதியிருந்தால் அங்கே போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166(3)-இன்படி ஆறு மாதத்துக்குள் மனு. நீங்கள் தனியாக மாட்டின் மீது மோதி விழுந்திருந்தால், மாட்டு உரிமையாளரிடம் கேட்கவேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம். காயத்துக்கான வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம். மரணமானால், 1855-ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்கீழ் வாரிசுகள் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பழைய ஆங்கிலேயத் தீர்ப்பை எடுத்து நீட்டக்கூடும். 1947-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, வீட்டு விலங்கு நெடுஞ்சாலைக்குப் போகாமல் தடுக்கும் கடமை நில உரிமையாளருக்கு இல்லை என்று சொன்னது. அந்த விதியை இங்கிலாந்தே 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் நீக்கிவிட்டது. பிரிவு 291-ஐ வைத்திருக்கும் நம் நாட்டில் அதற்கு இடமில்லை என்று பதில் சொல்லலாம்.

மாட்டை எப்படிக் கட்டியிருந்தார், கதவு ஏன் திறந்திருந்தது என்பதெல்லாம் உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்தவை. மாடு ஆளில்லாமல் சாலையில் நின்றது என்பதை நீங்கள் நிறுவிவிட்டால், விளக்கம் சொல்லும் சுமை அவர் பக்கம் போகும். கிரிமினல் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இங்கே அவரது ஒப்புதலாகப் பயன்படும். 5,000 ரூபாய் அபராதம் அற்பம் என்று அந்த வழக்கை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்? கட்டணம் எவ்வளவு?

உரிமையியல் நீதிமன்றமும் தீர்ப்பாயக் கணக்கையே வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த 34 வயது சுயதொழில்காரர் இறந்து, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 35,84,000 ரூபாய். இதன் மேல் ஈமச்செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை.

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம்; மேலே சொன்ன தொகைக்கு 1,07,520 ரூபாய். கட்ட வசதியில்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 33-இன்கீழ் வறியவராக வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், உதவி எண் 15100.

நான் ஹெல்மெட் போடவில்லை, கொஞ்சம் வேகமாகவும் வந்தேன். உரிமை போய்விடுமா?

போகாது, குறையும். உங்கள் தவறு 40 சதவீதம் என்று நீதிமன்றம் கண்டால், மேற்சொன்ன 35,84,000 ரூபாய் 21,50,400 ஆகும். தலைக்காயத்தில் ஹெல்மெட் இல்லாதது நேரடியாகப் பேசும். கால் முறிவில் அதற்குச் சம்பந்தமில்லை. குடித்திருந்தால் மிகவும் கடினம்.

வேகத்தைப் பற்றிய வாதத்துக்குத் தயாராக இருங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் போகும். பார்த்துப் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி, அதற்குள் 25 மீட்டர். நிற்க இன்னும் அதே அளவு. டிம் வெளிச்சத்தில் கறுப்பு எருமை 40 மீட்டருக்குள்தான் தெரியும். "அப்படியானால் மெதுவாகத்தானே வந்திருக்க வேண்டும்" என்பார் எதிர்த்தரப்பு. அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் வருபவர், சாலையில் கறுப்பு எருமை படுத்திருக்கும் என்று எதிர்பார்த்து ஓட்டக் கடமைப்பட்டவரா என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

மாட்டுக்காரரிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை என்றால்?

தீர்ப்பு வந்தாலும் வசூல் கடினம். விவசாயியாக இருந்தால், பிழைப்புக்குத் தேவையான மாடுகளை ஜப்தி செய்ய முடியாதபடி உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 காப்பாற்றுகிறது. அதனால்தான் உள்ளாட்சி அமைப்பையும் சாலையைப் பராமரிக்கும் துறையையும் ஆரம்பத்திலேயே எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்கிறோம். அரசு மீது வழக்குக்கு முன் அதே சட்டத்தின் பிரிவு 80-இன்படி இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும்.

ஆளில்லாத மாடு, தெருநாய் என்றால் யார் பொறுப்பு?

உள்ளாட்சி அமைப்பையும் அரசையும் கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனப் பிரிவு 226-இன்கீழ் ரிட் மனு வழியாக இழப்பீடு கோருவது ஒரு பாதை. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், கேட்பாரற்ற விலங்குகளால் நேரும் விபத்துக்கு மாநிலமே முதன்மைப் பொறுப்பு என்று சொல்லி, இழப்பீட்டை முடிவு செய்ய மாவட்டக் குழுக்களை அமைக்கச் சொன்னது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனுவில் எடுத்துக்காட்டத் தக்கது. உச்ச நீதிமன்றம் 7.11.2025 அன்று நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளையும் பிற விலங்குகளையும் அகற்றவும், ரோந்துக் குழு அமைக்கவும், உதவி எண்களைச் சாலையில் எழுதி வைக்கவும் உத்தரவிட்டது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். விபத்து நடந்த இடத்தில் அப்படி ஒரு பலகை இல்லையென்றால் அதையும் படமெடுங்கள்.

அந்த இடத்தைப் பற்றி முன்பே யாராவது புகார் கொடுத்திருந்தால் மனு பலமாகும். சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்திய சாலையானால் ஃபாஸ்டேக் பதிவை வைத்து, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

வளர்ப்பு நாய் துரத்தி வண்டி விழுந்தால் சட்டம் வேறா?

இல்லை, அதே 291 தான். சான்றுகள்தான் வேறு. தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், கழுத்துப் பட்டை, வாசல் கேமரா. வண்டிகளைத் துரத்தும் பழக்கம் அந்த நாய்க்கு உண்டு என்பது உரிமையாளருக்குத் தெரியும் என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. அதற்குத் தெருக்காரர்கள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு செய்திகூடப் போதும். "அது யாரையும் கடிக்காது" என்பது பதிலாகாது. வண்டியில் வருபவர் கடிபட்டு விழுவதைவிட மிரண்டு விழுவதுதான் அதிகம்.

தெருநாய்க்குச் சோறு வைப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

மாடு என்னுடையது, மேய்ப்பவர் வேறு ஒருவர். யார் மாட்டிக்கொள்வார்?

இருவரும். 291 "வசம்" என்றுதான் சொல்கிறது, உரிமை என்று அல்ல. மேய்ப்பவர், நாயை நடத்திச் செல்பவர், விடுமுறைக்கு நாயைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் எல்லாம் இதில் வரும். இழப்பீட்டில் கூலிக்கு மேய்ப்பவரின் தவறுக்கு அமர்த்தியவரும் பொறுப்பு.

மோதிய வண்டியால் என் மாடு செத்துவிட்டது. நான் இழப்பீடு கேட்க முடியுமா?

மாடு ஆளோடு, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி வந்து மோதியிருந்தால் தாராளமாக. வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் பொருட்சேதப் பகுதி இருக்கிறது. பொதுவாக இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம், மற்றவற்றுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், விலைமதிப்புச் சான்றும் வேண்டும். மாட்டுக்குத் தனியாகக் காப்பீடு செய்திருந்தால் காது வில்லையோடு படம் கேட்பார்கள். வில்லை இல்லாமல் பணம் வராது. நடுச்சாலையில் திரிந்த மாடு என்றால், கேட்கப் போன இடத்தில் உங்கள் மீது 291 வரும்.

ஓட்டியவர் மீது வேக ஓட்டுதல் வழக்குப் போடும் பிரிவு மனித உயிருக்கான ஆபத்தைப் பற்றியது. நாய் மோதி இறந்த வழக்கு ஒன்றில் பம்பாய் உயர் நீதிமன்றம் அது விலங்குக்குப் பொருந்தாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. வேண்டுமென்றே ஏற்றிக் கொன்றால் பிரிவு 325. ஐந்து ஆண்டு வரை சிறை.

பிடிபட்ட மாட்டை மீட்க என்ன செலவாகும்?

ஊருக்கு ஊர் மாறும். சென்னை மாநகராட்சி 2024-இல் முதல் முறைக்கு 10,000 ரூபாய், மறுமுறைக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தியது. தொழுவத்தில் வைத்திருக்கும் நாட்களுக்குப் பராமரிப்புச் செலவு தனி. பிடிக்க வந்தவர்களைத் தடுப்பதும் மாட்டைப் பறித்துக்கொண்டு ஓடுவதும் புதிய வழக்கைக் கொண்டுவரும்.

வளர்ப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன ஏற்பாடு போதும்?

"போதுமான ஏற்பாடு" என்றுதான் சட்டம் கேட்கிறது. கயிற்றின் நீளத்தைச் சரிபாருங்கள். முளையிலிருந்து கயிறு முழுக்க நீண்டு, மாடும் அதன் மேல் ஒரு உடல் நீளம் எட்டினாலும் சாலையின் தார் விளிம்பைத் தொடக் கூடாது. சாலையோரப் புல்லுக்கு நீளக் கயிற்றில் கட்டுவது மிகவும் ஆபத்தானது. மாடு எதிர்ப்பக்கம் போனதும் கயிறு சாலைக்குக் குறுக்கே இழுபட்டு, இருசக்கர வாகனம் அதில் சிக்கும். இரவில் கயிறு கண்ணுக்கே தெரியாது.

மழைக்காலத்தில் தொழுவம் சேறாகிவிட்டால் மாடு காய்ந்த தாரைத் தேடிப் போய்ப் படுக்கும். கட்டுத்தறியில் மேடும் வடிகாலும் இருந்தால் அந்தத் தேவை குறையும். கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டுவது நல்லது. ஆனால் அது கட்டியிருக்கிறோம் என்று அவிழ்த்துவிட்டால் வழக்கிலிருந்து தப்ப முடியாது. மாடு காணாமல் போனதும் காவல் நிலையத்துக்கோ உள்ளாட்சிக்கோ தகவல் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். கயிறறுத்து ஓடியது என்பதற்கு அதுவே உங்கள் சாட்சி. விற்றால் வில்லை எண்ணின் பதிவை வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லி, விற்பனைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு இரட்டைக் கதவும், ஆளைவிட உயரமான மதிலும் வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய்கள் ஏராளம். அன்று கதவைப் பூட்டி உள்ளே வையுங்கள். சில செல்லப்பிராணிக் காப்பீடுகளில் மூன்றாம் நபர் பொறுப்புக்கான பகுதி உண்டு. பிரீமியம் குறைவு, வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

ஊரில் பேசி முடித்துக்கொள்ளலாமா?

பேசலாம். சிகிச்சை முடிவதற்கு முன் முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எலும்பில் வைத்த தகட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை வரலாம். பணம் வங்கி வழியாக வரட்டும். "சிகிச்சைக்கு முன்பணமாகப் பெற்றது" என்று எழுதினால் மீதியைக் கேட்கும் வழி திறந்திருக்கும். 291-இன்கீழ் போட்ட வழக்கு, இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதாலேயே முடிந்துவிடாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வழக்கு ஏற்கெனவே உரிமையியல் நீதிமன்றத்தில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது நல்லது. அங்கே எழுதப்படும் ஒப்பந்தத்துக்குத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.